தெரிந்தும் வாய் திறக்காத மாணவர்: ஆங்கில வகுப்பில் உணர்வு நுண்ணறிவுக்கு என்ன வேலை?

பிளஸ் டூ ஆங்கிலத்தில் 90க்கு மேல் வாங்கிய ஒரு பெண் பொறியியல் கல்லூரிக்கு வருகிறார். முதல் வாரம், "இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்" என்றதும் எழுந்து நிற்கிறார், பெயரைச் சொல்கிறார், அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தமிழ்நாட்டில் முதலாமாண்டுக்கு ஆங்கிலம் எடுக்கும் யாருக்கும் இது புதிய காட்சி இல்லை. இவருக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். ஆனால் அதே பெண்ணின் கையில் காகிதத்தைக் கொடுத்தால், தன்னைப் பற்றிப் பத்து வரி எழுதிவிடுவார். அப்படியானால் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்பது எது?

இந்த இடத்தில்தான் "உணர்வு நுண்ணறிவு" என்ற சொல் வருகிறது. பி.எட். படித்தவர்களுக்கு "மனவெழுச்சி நுண்ணறிவு" என்றால் சட்டென்று புரியும். பயிற்சி முகாம்களில் அடிக்கடி அடிபடுகிற சொல், அதனாலேயே குழம்பிப்போன சொல். சிலர் இதை "மாணவர்களிடம் அன்பாக இருங்கள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள், வேறு சிலர் "தப்பைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள்" என்று. அன்பு நல்லதுதான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு கலைச்சொல் தேவையில்லை. திருத்தாமல் விடுவதோ பாடமே நடத்தாமல் விடுவதற்குச் சமம். எப்போது திருத்துவது, கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருப்பது, யாரை முதலில் எழுப்புவது, இப்படி ஒரு வகுப்பில் பத்து இருபது முறை எடுக்க வேண்டிய சின்னச் சின்ன முடிவுகளில்தான் இந்தத் திறமை வேலை செய்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது

பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் இதை அலுவலகம், பள்ளிக்கூடம், மேலாண்மை வகுப்பு என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோனது. போன வேகத்தில் சொல் ஊதிப் பெருத்தும் விட்டது, விடாமுயற்சி, தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என்று கையில் கிடைத்த நல்ல குணங்களையெல்லாம் அதற்குள் போட்டுவிட்டார்கள். சலோவேயும் மேயரும் 1997இல் அதை நான்கு திறன்களாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். நமக்கு அது போதும்:

1. அடுத்தவர் முகத்திலும் குரலிலும், தனக்குள்ளேயும் இருக்கிற உணர்வு இன்னது என்று சரியாகக் கண்டுகொள்வது.
2. அந்த உணர்வைச் சிந்தனைக்குத் துணையாகப் பயன்படுத்துவது.
3. ஓர் உணர்வு எதனால் வந்தது, விட்டால் எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது.
4. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கையாள்வது.

இதை ஐ.க்யூ. போல அளக்க முடியுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. "ஈ.க்யூ." என்று விற்கப்படும் பல சோதனைகள் ஏற்கெனவே இருந்த குணநலச் சோதனைகளின் மறுபதிப்பு என்பது பழைய குற்றச்சாட்டு, எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் ஆங்கில ஆசிரியருக்கு அந்த மதிப்பெண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மேலே சொன்னதில் முதலாவதும் மூன்றாவதும் கைவந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கணக்கு வகுப்பில் இல்லாத பயம்

கணக்கில் விடை தப்பானால் விடை மட்டும்தான் தப்பு. அந்த மாணவர் அதே கணக்கைப் பற்றித் தமிழில் நன்றாகவே பேசுவார், வாதாடுவார். மொழி வகுப்பில் அந்த வசதி கிடையாது. 18 வயதுக்குரிய அறிவும் நகைச்சுவையும் உள்ள ஒருவர், ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் நாலு வயதுக் குழந்தைபோல் தெரிகிறார். அது அவருக்கும் தெரிகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எலெயின் ஹார்விட்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 1986இல் இந்தப் பயத்தைத் தனி வகையாகப் பிரித்து, 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். வகுப்பில் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம், முன்தயாரிப்பு இல்லாமல் பேசச் சொன்னால் வரும் பதற்றம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பேசுவதற்கே வரும் தயக்கம், தேர்வுப் பயம், அடுத்தவர் நம்மைத் தாழ்வாக எடைபோடுவார்களோ என்ற பயம் ஆகிய மூன்றோடும் மொழிப் பதற்றத்தை அவர்கள் இணைத்துப் பார்த்தார்கள். படித்தது அமெரிக்க மாணவர்கள், மொழி ஸ்பானிஷ்; ஆனாலும் அந்தக் கூற்றுகளை நம் ஊர் வகுப்பில் வாசித்துக் காட்டினால் பாதித் தலை ஆடும்.

ஸ்டீபன் கிராஷென் இதையே வேறு விதமாகச் சொன்னார். பயமும் சலிப்பும் மனதில் ஒரு வடிகட்டிபோல் நின்றுகொள்கின்றன, காதில் விழுகிற மொழி அதைத் தாண்டி உள்ளே போவதில்லை என்பது அவர் 1980களில் பிரபலமாக்கிய கருதுகோள். படமாகப் போட்டுக் காட்டச் சுலபம் என்பதால் பயிற்சி வகுப்புகளில் இதற்கு நல்ல வரவேற்பு. வடிகட்டி எங்கே இருக்கிறது, எதை விடும், எதைத் தடுக்கும் என்று கேட்டால் மட்டும் தெளிவான பதில் கிடைக்காது, அந்த விமர்சனமும் அவர்மேல் உண்டு. இன்னும் எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது. பேசும்போது நாம் சொற்களையும் இலக்கணத்தையும் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைக்க வேண்டும். அந்த இடம் சிறியது. "சிரிப்பாங்களோ" என்ற எண்ணமே அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால் வாக்கியத்துக்கு மிஞ்சும் இடம் மீதிப் பாதிதான். எழுதும்போது வருவது பேசும்போது வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ் பேசும் மாணவருக்குள் என்ன நடக்கிறது

பயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்தான் பல பயிற்சிகள் தோற்கின்றன. எந்தப் பயம் என்று தெரியாமல் அதைக் கையாள முடியாது. தமிழ்வழியில் படித்து வருகிற ஒருவரிடம் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒன்றாக வேலை செய்கின்றன.

1. வாக்கியம் ஏறக்குறையத் தலைகீழாகத் திரும்ப வேண்டும். "நேற்று அண்ணனோடு மதுரைக்குப் போனேன்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "நான்" என்பது கடைசிச் சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை இழுத்து முதலில் வைக்க வேண்டும். அடுத்து வினைச்சொல், அதிலும் "கோ" இல்லை, "வென்ட்". "க்கு" என்று பின்னால் ஒட்டியிருப்பது "டு" ஆகி மதுரைக்கு முன்னால் வர வேண்டும். அண்ணன் என்றால் யாருடைய அண்ணன் என்று தமிழில் சொல்லத் தேவையில்லை, ஆங்கிலத்தில் "மை" போட்டாக வேண்டும். அந்த மாணவர் வாய் மூடி நிற்கிற நான்கைந்து விநாடியில் உள்ளே இவ்வளவு நடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அது வெறும் மௌனம்.

2. மரியாதை இடிக்கிறது. இதை நான் பாடநூல்களில் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் வகுப்பில் கண்முன்னே நடக்கிறது. அப்பாவைப் பற்றிப் பேசும்போது "ஹி" என்று சொல்ல வேண்டும். தமிழ் மனதுக்கு அது "அவன்" போல ஒலிக்கிறது. அதனால்தான் "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், தே ஆர் வெரி ஹார்ட் வொர்க்கிங்" என்று வருகிறது. அது இலக்கணம் தெரியாததால் வந்த தப்பு மட்டும் இல்லை, "அவர்கள்" என்ற மரியாதைப் பன்மை ஆங்கில உடுப்பில் வந்து நிற்கிறது. ஆசிரியரிடம் நேராக "யூ" என்று சொல்லவும் இதே தயக்கம்தான், நம் பிள்ளைகள் "சார் இஸ் கமிங் டுமாரோ, சார்?" என்று அந்தச் சொல்லைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவார்கள். வெறுமனே "தே இல்லை, ஹி" என்று வெட்டினால் இலக்கணம் திருந்தலாம், கூச்சம் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில் இல்லை, "குட் யூ ப்ளீஸ்" மாதிரி வேறு இடங்களில் இருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் மாணவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

3. "பீட்டர்" பயம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். நம் ஊரில் சரியாகப் பேசினாலும் ஆபத்து, "பீட்டர் விடுறான்" என்று பெயர் வந்துவிடும். ஹாஸ்டல் அறையில் அந்தப் பெயர் நான்கு வருடம் ஒட்டிக்கொள்ளும். ஆக, தப்பாகப் பேசினாலும் அடி, சரியாகப் பேசினாலும் அடி. பேசாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமான முடிவு. அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஆசிரியர் நினைப்பது பெரிய தவறு. இந்தப் பெயர்சூட்டலுக்குப் பின்னால் வர்க்கம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, யார் வீட்டில் ஆங்கிலம் பேசுவார்கள் என்ற கணக்கு இருக்கிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. ஆங்கிலவழிப் பிள்ளைகளும் தமிழ்வழிப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற வகுப்பில் இந்தக் கணக்கு முதல் நாளே தொடங்கிவிடுகிறது.

திருத்துவதா, விடுவதா

"யெஸ்டர்டே ஐ கோ டு டெம்பிள்" என்கிறார் மாணவர். ஆசிரியர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. "ஓ, யூ வென்ட் டு த டெம்பிள்?" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொல்வது ஒன்று. "யெஸ்டர்டே ஐ..." என்று இழுத்து நிறுத்தி, மாணவர் வாயிலிருந்தே சரியானதை வரவழைப்பது இன்னொன்று.

ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடாவில் மான்ட்ரியல் பகுதியில், பிரெஞ்சு மொழியில் பாடம் படிக்கும் நான்கு தொடக்கப்பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1997இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் முதல் வகை, அதாவது திருப்பிச் சொல்வது. அதற்கு மாணவர்கள் ஏதாவது எதிர்வினை காட்டியது 31 சதவீதம் தடவைதான். மற்ற நேரங்களில் எதிர்வினை எதுவும் இல்லை; தங்களைத் திருத்தினார்கள் என்பதே பலர் காதில் ஏறாமல், ஆசிரியர் தலையாட்டி ஆமோதிக்கிறார் என்று நினைத்திருக்கலாம். இழுத்து நிறுத்துகிற வகைக்கோ எல்லாத் தடவையும் எதிர்வினை வந்தது. உடனே முதல் வகை தண்டம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். வேறு சூழலில், மாணவர்கள் மொழியின் வடிவத்தையே கவனித்துக்கொண்டிருக்கும் வகுப்புகளில், அதுவும் நன்றாக வேலை செய்திருக்கிறது.

எந்த வகை எப்போது என்பதைப் புத்தகம் சொல்லாது, எதிரில் நிற்கிற முகம்தான் சொல்லும். முதல் தடவையாக எழுந்து, குரல் நடுங்க ஒரு வாக்கியத்தை முடிக்கப் போராடுகிறவரை இழுத்து நிறுத்தினால் அவர் உட்கார்ந்துவிடுவார், அந்தப் பருவம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். அவருக்குத் திருப்பிச் சொல்லும் வகை. தைரியமாகப் பேசுகிறவர், ஆனால் ஒரே தப்பை மாதக்கணக்கில் செய்கிறவர் என்றால் திருப்பிச் சொல்வதில் பயனே இல்லை, நிறுத்திக் கேட்க வேண்டும். "டிட் யூ வென்ட்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" மாதிரி வகுப்பே சேர்ந்து செய்யும் தப்புகளை, பேச்சு முடிந்தபின் யார் சொன்னது என்று சொல்லாமல் போர்டில் எழுதிப் பேசிவிடலாம். மூன்றிலும் திருத்தம் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மூன்று விநாடி

அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களில் ஒரு விஷயத்தைக் கண்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதிலே இல்லாமல் போவது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். கெட்டிக்காரர் என்று ஆசிரியர் நினைத்த மாணவருக்கு அதிக நேரமும், மந்தம் என்று நினைத்தவருக்குக் குறைந்த நேரமும் கிடைத்தது என்பதும் அவர் கவனித்ததுதான். யாருக்கு நேரம் அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் குறைவு!

அது தாய்மொழியில் நடந்த வகுப்பு. வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டிய நம் மாணவருக்கு 3 விநாடியும் போதாது. ஆனால் 60 பேர் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் பேசாத ஐந்து விநாடி ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் மாதிரி இருக்கும். "சரி, நெக்ஸ்ட்" என்று வாயில் வந்துவிடும். அந்த "நெக்ஸ்ட்" மாணவரின் தேவையால் வருவதே இல்லை, ஆசிரியருக்குத் தாங்க முடியாத சங்கடத்தால் வருவது. தனக்குள் எழும் உணர்வை அடையாளம் காண்பது என்று முதல் திறனில் சொன்னதற்கு இதைவிடச் சின்ன, இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை: மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவது.

சிரிப்பும் அபராதமும்

வகுப்பில் சிரிப்பு வந்தால் "டோன்ட் லாஃப்" என்று அதட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு, சிரிப்பு அடங்கும், ஆனால் இங்கே சிரிக்க ஏதோ இருக்கிறது என்பது உறுதியாகிவிடும். "இஸ்கூல்" என்று ஒருவர் சொல்ல, பின்வரிசை சிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தமிழின் விதி, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. லக்ஷ்மணனை இலக்குமணன் ஆக்கியதும், ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியதும், சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்கிற ஒரே பழக்கம்தான். இதைச் சொல்லிவிட்டு, முன்னால் "இ" போடாமல் "ஸ்ஸ்" என்று நீட்டித் தொடங்கச் சொன்னால் வகுப்பு முழுக்க அதைச் செய்து பார்க்கும், சிரித்தவர்களும் சேர்த்து. தப்புக்குக் காரணம் அந்த மாணவரின் மூளை இல்லை, அவருடைய மொழி என்று வகுப்புக்குத் தெரிந்தபின் அதே சிரிப்பில் முன்பிருந்த கூர்மை இருக்காது.

வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் என்று சில தனியார் பள்ளிகளில் ஒரு நடைமுறை இருக்கிறது. காசு வசூலாகலாம், ஆங்கிலம் வராது. ஆங்கிலம் வராத பிள்ளை அபராதத்துக்குப் பயந்து ஆங்கிலத்துக்கு மாறுவதில்லை, பேச்சையே நிறுத்திக்கொள்கிறது.

ஆசிரியரின் பயம்

இதுவரை மாணவரின் பயத்தையே பேசினோம். ஆசிரியருக்கும் அது உண்டு, பயிற்சிகளில் யாரும் அதிகம் தொடாத பகுதி இதுதான். தாங்கள் கற்பிக்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்களுக்கும் அதே பதற்றம் இருப்பதை ஹார்விட்ஸ் 1996இல் தனியாக எழுதினார். நம் ஆங்கில ஆசிரியர்களில் பலர் தாங்களே தமிழ்வழியில் படித்து, இலக்கணத்தை விதிகளாக மனப்பாடம் செய்து மேலே வந்தவர்கள். முன்வரிசையில் கான்வென்ட்டில் படித்த பிள்ளை ஒன்று உட்கார்ந்து உச்சரிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் வியர்க்கும்.

அந்தப் பயம் வகுப்பில் வேறு வேடங்களில் வெளிவருகிறது:

1. பேச்சுப் பயிற்சி வேண்டிய நேரத்தில் நோட்ஸ் எழுதிப்போடுவது. எழுதிக்கொடுப்பதில் தப்பு வராது.
2. மாணவர் எதிர்பாராத கேள்வி கேட்டால் "சிலபஸில் இல்லை" என்று மூடிவிடுவது.
3. சின்னத் தப்புக்கும் கடுமையாகத் திருத்துவது. தன்னைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் அடுத்தவர் தப்பின் மேல்தான் பாயும்.

இந்த நிலையில் இருக்கிறவரிடம் "மாணவரின் உணர்வைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. அவர் ஒரு சொல்லின் உச்சரிப்பு தெரியாதபோது, செல்போனில் அகராதியைத் திறந்து வகுப்புக்கு முன்பாகவே கேட்டு, "நானும் இத்தனை நாள் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். மரியாதை குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, குறைவதில்லை.

இதனால் ஆகாதது

ஒரு வகுப்பு 50 நிமிடம், 60 மாணவர்கள். வருகைப்பதிவு போக, ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. முகம் பார்த்துத் திருத்துவது, ஐந்து விநாடி காத்திருப்பது எல்லாம் இந்தக் கணக்கில் இடிக்கும், எந்த ஆசிரியரின் குணத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஓரளவு சமாளிக்கலாம்: முதலில் தனியாக எழுதுவது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது, அப்புறம் நான்கு பேருக்கு, கடைசியில்தான் வகுப்புக்கு. முப்பது ஜோடிகள் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் வரும், அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது, எல்லா மௌனமும் பயம் இல்லை. சொல்லே தெரியாததால் வரும் மௌனமும் இருக்கிறது, அதற்கு ஆறுதல் மருந்தாகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி, தொடக்கத்தில் பார்த்த பெண்ணிடமே அதைச் செய்து பார்க்கலாம். உட்காரச் சொல்லி, இரண்டு நிமிடம் எழுதவிட்டு, எழுதியதைப் பக்கத்துத் தோழியிடம் பேசச் சொல்லி, மறுபடி எழுப்புவது. இப்போது வந்துவிட்டால் அடைத்திருந்தது பயம், அடுத்த வாரமும் அதே வழியில் போகலாம். எழுதவும் வராமல் தோழியிடமும் வராமல் இருந்தால் அவரிடம் சொற்கள் இல்லை, மதிப்பெண் எப்படி வந்ததோ வந்துவிட்டது. அவருக்கு "ஐ ஆம் ஃப்ரம்", "மை ஃபாதர் இஸ்" என்பதிலிருந்து தொடங்கி, நாளுக்குப் பத்து வாக்கியமாக, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.